ஆள் திருச்சியில், ஆவணம் குல்லூர்சந்தையில்

தமிழ்நாட்டில் அயல்நாட்டவர் என்ற காரணத்தால் அடைத்துவைக்கப்படுகிறவரின் வழக்கு பெரும்பாலும் இரண்டு ஊர்களுக்கு நடுவே நின்றுவிடுகிறது. அவர் இருப்பது திருச்சி மத்தியச் சிறை வளாகத்திலுள்ள சிறப்பு முகாமில். அவர் யாருடைய பிள்ளை, எந்த ஆண்டு கரையேறினார், எந்த முகாமில் பதிவானார், எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைக் காட்டும் காகிதங்கள் இருப்பதோ குல்லூர்சந்தை, செவலூர், அனுப்பன்குளம், கண்டியாபுரம், மொட்டமலை போன்ற விருதுநகர் மாவட்ட இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில், மனைவியோ தாயோ வைத்திருக்கும் டிரங்குப் பெட்டிக்குள். ஒருவர் அயல்நாட்டவரா இல்லையா என்ற கேள்வி எழும்போது, தாம் அயல்நாட்டவர் இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை 1946 ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டம் அவர் தலையிலேயே வைத்தது. அதன் இடத்தில் வந்துள்ள 2025 ஆம் ஆண்டின் குடிவரவு, அயல்நாட்டவர் சட்டமும் அதை மாற்றவில்லை. மெய்ப்பிக்க வேண்டியவர் கதவுக்குள்ளும் மெய்ப்பிக்கும் பொருள் வெகுதொலைவிலும் இருக்கும் இந்த நிலையில்தான் சட்ட மாணவரின் உழைப்புக்கு உண்மையான இடம் இருக்கிறது. மதுரை, திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிகளிலிருந்தோ திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலிருந்தோ வரும் மாணவர், இன்டர்ன்ஷிப் எனப்படும் உள்ளகப் பயிற்சிக் காலத்தில் அந்த உழைப்பை எப்படித் தர முடியும் என்பதை இந்த அத்தியாயம் கூறுகிறது.

முதலில் பயிற்சியின் எல்லையை அறிந்துகொள்ள வேண்டும். இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008 ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரமும் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆனால் ஓர் ஆண்டில் நான்கு வாரத்துக்கு மேல் தொடர்ச்சியாகப் பயிற்சி கொள்ள முடியாது. நான்கு வாரத்தில் எந்த வழக்கும் முடியாது. ஆயினும் நான்கு வாரத்தில் ஒரு கோப்பை முழுமையாக்கிவிடலாம். மாணவர் தம் இலக்கை வழக்கின் வெற்றி என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றமே மிஞ்சும். ஒருவருடைய வாழ்க்கையை ஆண்டுவாரியாக, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்றோடு எழுதி வழக்கறிஞர் கையில் தருவதை இலக்காகக் கொண்டால் அது கைகூடும். 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தின்படி பதிவுபெற்ற வழக்கறிஞரே நீதிமன்றத்தில் வாதாட முடியும் என்பதால், மாணவர் வக்காலத்தில் கையெழுத்திடவோ, தம் பெயரில் சட்ட ஆலோசனை வழங்கவோ கூடாது. அமெரிக்காவில் குடிவரவு நீதிமன்றங்களில் மேற்பார்வையாளரின் கீழ்ச் சட்ட மாணவர்களே முன்னிலையாகலாம். ஆனால் அங்கே அடைக்கப்பட்டவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் பெறும் பொது உரிமை கிடையாது. இங்கே மாணவருக்கு வாய் கட்டப்பட்டிருக்கிறது, அடைபட்டவருக்கோ இலவச வழக்கறிஞரைக் கேட்கும் உரிமை இருக்கிறது. ஆகவே இங்குள்ள மாணவரின் முதல் வேலை அந்த வழக்கறிஞர் கிடைக்கும்படி செய்வதுதான்.

அதற்கான வழி 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12 ஆம் பிரிவில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், ஆள்கடத்தலுக்கு உள்ளானவர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியானவர்கள் என்று கூறும் அப்பிரிவு, குடியுரிமையை ஒரு நிபந்தனையாகக் கேட்கவில்லை. இடர்ப்பாடு வேறோர் இடத்தில் வருகிறது: சிறப்பு முகாம் சிறை ஆகாது என்பதே அரசுத் தரப்பின் நெடுநாள் நிலைப்பாடு என்பதால், முகாமில் இருப்பவர் காவலில் இருப்பவரா என்ற ஐயம் விண்ணப்பத்தைப் பார்க்கும் அலுவலருக்கு எழலாம். விண்ணப்பத்தில் வாதம் எழுதுவதைவிட நிலைமையை எழுதுவதே நல்லது. வாயிற்கதவு பூட்டப்பட்டிருப்பதையும், அனுமதியின்றி வெளியே செல்ல முடியாததையும், பார்க்க வருவோர் காவலரிடம் பதிந்தே உள்ளே செல்வதையும் இரண்டு மூன்று வரிகளில் குறித்தால், அது காவல்தான் என்பது எவருக்கும் விளங்கும். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றமும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கின்றன. ஆட்சியர் அலுவலகம் இருக்கும் விருதுநகருக்குச் சென்று தேடி ஒரு நாளை வீணாக்கும் மாணவர் பலர். அடைபட்டவர் திருச்சியில் இருந்தால் விண்ணப்பம் திருச்சி ஆணைக்குழுவுக்குச் செல்ல வேண்டும். நீதிப்பேராணை மனுவுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் உள்ள சட்டப்பணிகள் குழுவை அணுக வேண்டும். 2004 ஜூலை 24 முதல் இயங்கிவரும் மதுரைக் கிளையின் ஆட்சி எல்லைக்குள் திருச்சி, விருதுநகர் ஆகிய இரண்டு மாவட்டங்களும் அடங்குவது இந்த வேலையில் பெரிய வசதி. எங்கே தொடங்குவது என்று தெரியாத குடும்பத்தினர் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் பேசலாம்.

அடுத்தது, எந்த வகைக் காவல் என்பதைச் சரியாக அறிவது. இலங்கைத் தமிழர் வசிக்கும் மறுவாழ்வு முகாம்கள் திறந்த முகாம்கள். 2021 ஆகஸ்டு வரை அகதிகள் முகாம் என்று வழங்கிய இவற்றில் அப்போது ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்தனர். அங்கே இருப்பவர் வேலைக்குச் சென்று திரும்பலாம், ஆனால் குறிப்பிட்ட நாள்களில் நடக்கும் ஆள் சரிபார்ப்புக்கு நேரில் இருக்க வேண்டும். சிறப்பு முகாம் என்பது 1990 முதல் தமிழ்நாட்டில் வெவ்வேறு இடங்களில் இயங்கிவந்த வேறொரு வகை. அயல்நாட்டவர் குறிப்பிட்ட இடத்தில் வசிக்க வேண்டும் என்று ஆணையிட 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(2)(e) பிரிவு அளித்த அதிகாரத்தின்படி, மத்திய அரசால் மாநில அரசுக்கு ஒப்படைக்கப்பட்ட பொறுப்பைக் கொண்டு அதற்கான ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. மூன்றாவது வகை, குற்ற வழக்கில் நீதிமன்றக் காவலாகச் சிறையில் இருப்பது. ஒரே மனிதர் இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க நேர்கிறது: மறுவாழ்வு முகாமிலிருந்து கைதாகிச் சிறைக்குச் சென்றவர், ஜாமீன் பெற்று வெளியே வரும் நாளில், அரசாணை ஒன்றின்படி சிறப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். ஜாமீன் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று குடும்பம் கேட்பது இதனால்தான்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தவர்களில் இலங்கைக் குடிமக்களான நால்வர் திருச்சிச் சிறப்பு முகாமுக்கே அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவரான சாந்தன், இலங்கை செல்வதற்கான பயண ஆவணம் கிடைத்திருந்தும், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவரும் அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். நீதிமன்றம் கதவைத் திறந்த பின்னும் ஒரு பயண ஆவணத்துக்காக ஒன்றேகால் ஆண்டுக்கு மேல் காத்திருக்க நேரும் என்பதை, நாடெங்கும் கவனித்த அந்த வழக்கே காட்டுகிறது. எவரும் கவனிக்காத வழக்கில் ஒரு காகிதத்தின் தாமதம் இன்னும் நீளும். ஆகவே பயண ஆவணமோ மருத்துவ அறிக்கையோ எந்த அலுவலகத்தில் எந்த நாள் முதல் நிற்கிறது என்பதை மாணவர் நாள் தவறாமல் குறித்துவர வேண்டும்.

2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவு, அயல்நாட்டவர் சட்டம், 1920 ஆம் ஆண்டின் கடவுச்சீட்டு நுழைவுச் சட்டம், 1939 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 1946 ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டம், 2000 ஆம் ஆண்டின் ஊர்தியாளர் பொறுப்புச் சட்டம் ஆகிய நான்கையும் நீக்கிவிட்டது. எனவே சிறப்பு முகாமில் வைக்கும் ஆணையின் நகலைப் பெற்றவுடன் அதன் தேதியையும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அதில் சொல்லப்பட்டுள்ளது என்பதையும் மாணவர் கோப்பின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். ஆணையின் நகலே இல்லாத நிலையும் உண்டு. அப்போது அதைக் கேட்டு முகாம் பொறுப்பு அலுவலருக்கு வழக்கறிஞர் வழியாக எழுதிய கடிதமும், அதற்கான அஞ்சல் ஒப்புகையுமே முதல் சான்றாகிவிடும்.

இந்த வழக்குகளில் தேதிகளே பாதி வாதம். கரையேறிய நாள், பிறந்த நாள், பெற்றோர் பிறந்த நாள் ஆகிய மூன்றும் உறுதியாகாமல் எந்த மனுவும் எழுத முடியாது. 2025 இல் வெளியான விலக்களிப்பு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இன்மை குறித்த விதிகளிலிருந்து விலக்கு அளிக்கிறது. அந்த நாளுக்கு முன் வந்து பதிவானவர் என்பதைக் காட்டும் முகாம் பதிவேட்டு நகல் ஒன்று, பல பக்க வாதத்தைவிட வலுவானது. 2022 மார்ச் முதல் பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கியவர்கள் இந்த விலக்குக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கான வாதத்தை வேறு அடிப்படையில்தான் அமைக்க வேண்டும்.

பிறந்த நாளின் மதிப்பை மாணவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டினராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகனே. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3 க்கு முன்வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதற்குப் பின் பிறந்தவருக்கு இருவரும் இந்தியராகவோ, ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் அல்லாதவராகவோ இருக்க வேண்டும். 1983 இல் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பின் வந்த குடும்பங்களில் பிறந்து இன்று நாற்பது வயதை ஒட்டியிருப்பவர்களில் சிலர், முகாமில் ஆயுள் முழுவதும் அயல்நாட்டவராகப் பதிவாகியிருந்தும், சட்டப்படி இந்தியர்கள். மண்டபம் முகாமில் 1986 இல் பிறந்த ஒரு பெண் இதைக் காட்டியே 2022 இல் மதுரைக் கிளையில் தமக்கு ஆதரவான உத்தரவைப் பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவருக்குக் கைகொடுத்தது ஒரு பிறப்புச் சான்றிதழ்.

இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழிவந்த மலையகத் தமிழர் குடும்பம் என்றால் தேடல் இன்னும் ஒரு தலைமுறை பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. அந்த ஒப்பந்தங்களின்கீழ் தாத்தா இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டோ, அவருக்கு வழங்கப்பட்ட கடவுச்சீட்டோ, தோட்டத்துப் பதிவோ கிடைத்தால், பேரன் தஞ்சம் கேட்டு வந்தவர் என்பதோடு, தாயகம் திரும்பிய இந்திய வம்சாவளியினர் என்ற வேறொரு தகுதியையும் கோர முடியும். இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகள் 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 ஜூன் 17 அன்று மதுரைக் கிளை, அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் கூறியது. அந்தத் தீர்ப்பை எடுத்தாளும் முன் அதன் மேல்முறையீட்டு நிலையை வழக்கறிஞரிடம் கேட்டறிவது கட்டாயம். 2019 ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரை மட்டுமே கருதுவதால், இலங்கையிலிருந்து வந்தவருக்கு அது வழி திறக்காது என்பதையும் குடும்பத்தினருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இனி ஆவணம் தேடும் வேலை. மறுவாழ்வு முகாமுக்குள் வெளியார் நுழைய வருவாய்த் துறையின் அனுமதி தேவை. கல்லூரியின் கடிதம், வழக்கறிஞரின் கடிதம், மாணவரின் அடையாள அட்டை நகல் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே மனு கொடுக்காமல் வாசலில் போய் நிற்கக் கூடாது. காவல் துறையின் உளவுப் பிரிவுகளுள் ஒன்றான க்யூ பிரிவின் காவலர் விசாரித்தால் மறைக்காமல் வருகையின் நோக்கத்தைச் சொல்லலாம். ஆனால் வழக்கின் உள்விவரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. முகாமுக்குள் செல்ல முடியாத நாளில், குடும்பத்தாரைச் சிவகாசியிலோ அருப்புக்கோட்டையிலோ வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வரச் சொல்வதே நல்லது.

சிவகாசி வட்டாரத்தில் நேரம் பார்ப்பதும் ஒரு திறமை. பட்டாசு ஆலைகளில் பகல் வெளிச்சத்தில் மட்டுமே வேலை நடக்கும் என்பதால், காலையில் ஆலை வண்டி ஏறியவரைப் பகலில் பார்க்க முடியாது. ஒரு நாள் விடுப்பு ஒரு நாள் கூலியைப் பறித்துவிடும். மாலையும் ஞாயிறும் பேசுவதற்கு ஏற்றவை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் எவருக்கும் ஓய்வு இராது; தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும் காலத்தில் பயிற்சியை அமைத்துக்கொண்டால், ஒரே வாரத்தில் பல வீடுகளின் காகிதங்களைப் பார்த்துவிடலாம். பணக்கொடை எனப்படும் மாத உதவித்தொகை வழங்கும் நாளில் முகாமில் எல்லாரும் இருப்பார்கள் என்பது உண்மையே. ஆனால் அன்று அலுவலர்களும் இருப்பார்கள், குடும்பத்தினர் மனம் திறந்து பேச மாட்டார்கள்.

எதைத் தேடுவது என்பதற்கு முன்முடிவு இருக்கலாகாது. முகாம் குடும்ப அட்டை, பணக்கொடைப் பதிவின் நகல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், அரசு மருத்துவமனைப் பிரசவச் சீட்டு, தடுப்பூசி அட்டை, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, இலங்கையில் கிராம அலுவலர் தந்த சான்று, ஆலையில் வேலை செய்தவரானால் ஈ.எஸ்.ஐ. அட்டை என எதுவும் ஒரு தேதியை உறுதிப்படுத்தக்கூடும். ஒருவர் குறிப்பிட்ட ஆண்டில் இந்த வட்டாரத்தில்தான் இருந்தார் என்பதை, அவருக்கே நினைவில்லாத ஒரு வருகைப் பதிவேட்டு வரி காட்டிவிடும். பெயரின் எழுத்துக்கூட்டு ஒவ்வோர் ஆவணத்திலும் வேறுபடுவது மிக இயல்பு. அதைத் திருத்தி ஒழுங்காக்க மாணவர் முற்படக் கூடாது. வேறுபாடுகளை அப்படியே ஒரு தாளில் எழுதி, ஒரே ஆள் என்பதற்கான உறுதிமொழிப் பத்திரத்தைத் தயாரிக்க வழக்கறிஞரிடம் தர வேண்டும். பிறப்பு பதியப்படாதிருந்தால் 1969 ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13(3) பிரிவின்படி கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனுச் செய்யும் வழி உண்டு. சிங்களத்தில் உள்ள சான்றுகளுக்கு உறுதிசெய்யப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். மூல ஆவணத்தை மாணவர் தம்மோடு எடுத்துச்செல்லக் கூடாது. அங்கேயே படமெடுத்து, மூலத்தை அதே பெட்டியில் வைக்கச் செய்துவிட்டு வர வேண்டும்.

மாணவரிடம் மட்டுமே இருக்கும் ஒரு கருவியும் உண்டு. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த உரிமையைக் குடிமக்களுக்கே தருகிறது. அயல்நாட்டவர் என்று அடைக்கப்பட்டவர் அதைப் பயன்படுத்த முடியாது, இந்தியரான மாணவர் பயன்படுத்தலாம். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதன் 7(1) பிரிவு கூறுகிறது. மற்றொருவரின் தனிப்பட்ட விவரம் என்று மறுக்கப்படாமலிருக்க, சம்பந்தப்பட்டவரின் கையெழுத்திட்ட இசைவுக் கடிதத்தை மனுவோடு இணைக்க வேண்டும். உளவு சார்ந்த பிரிவுகளுக்கு விலக்கு இருப்பதால், காவல் துறையைக் கேட்பதைவிட வருவாய்த் துறையையும் மறுவாழ்வுத் துறையையும் கேட்பது பயன் தரும்.

அடைபட்டவரைச் சந்திக்கும்போது வழக்கறிஞர் உடனிருப்பது மரியாதைக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. வழக்கறிஞரிடம் சொல்லப்பட்டதை வெளியிடக் கூடாது என்ற காப்பு, 2023 ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 132 ஆம் பிரிவின்படி அவருடைய மொழிபெயர்ப்பாளர், எழுத்தர், பணியாளர் ஆகியோருக்கும் பொருந்தும்; தனியாகச் சென்று கேட்ட மாணவருக்கு அந்தக் காப்பைக் கோருவது கடினம். ஆகவே மாணவர் அந்த வழக்கறிஞரின் கீழ்ப் பணிபுரிகிறார் என்பதற்கு எழுத்தில் ஒரு கடிதம் முதல் நாளே இருக்க வேண்டும். மூத்தவர்களை ஐயா, அம்மா என்று அழைத்து, முதல் சந்திப்பில் உணவு, உடல்நலம், குடும்பத்தாரின் செய்தி ஆகியவற்றைக் கேட்டுவிட்டு, போர்க்கால நிகழ்வுகளை அவரே தொடும்வரை காத்திருப்பது நல்லது. ஒரே கேள்வியை விசாரணை அதிகாரிகள் பலமுறை கேட்டிருப்பார்கள்; மாணவரும் அதே தொனியில் கேட்டால் அதே பதில்தான் வரும்.

இரண்டு செயல்களை மாணவர் எக்காரணம் கொண்டும் தாமாகச் செய்யக் கூடாது. ஒன்று, தூதரகத்தைத் தொடர்புகொள்வது. 1963 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, அடைபட்டவர் விரும்பினால் தம் நாட்டுத் தூதரகத்தோடு பேசும் உரிமையைத் தருகிறது; ஆனால் தம் நாட்டு அரசைக் கண்டே அஞ்சி வந்தவருக்கு, மாணவர் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தொலைபேசி அழைப்பு ஊரில் இருக்கும் உறவினரையும் ஆபத்தில் தள்ளலாம். மற்றொன்று, விருப்பத்தோடு நாடு திரும்புவதாகச் சொல்லும் படிவத்தில் கையெழுத்திடுவது குறித்துக் கருத்துச் சொல்வது. திரும்ப விரும்புகிறவருக்கு உதவ ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரகத்தின் சென்னை அலுவலகமும், 1984 இல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் இருக்கின்றன. அவர்களிடம் பேசும் வாய்ப்பை வழக்கறிஞர் வழியாக ஏற்படுத்தித் தருவதோடு மாணவரின் பங்கு முடிகிறது.

நீதிமன்றம் என்ன செய்யும் என்பது குறித்து வாக்குறுதி தருவதும் தவறு. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அரசமைப்பின் 21 ஆம் உறுப்பு அயல்நாட்டவரின் உயிரையும் சுதந்திரத்தையும் காக்கிறது என்று 1996 இல் சக்மா மக்கள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே நீதிமன்றம் 1991 இல் லூயி டி ரெட் வழக்கில், இந்நாட்டில் தங்கியிருக்கும் உரிமை அயல்நாட்டவருக்கு இல்லை என்றும் கூறியிருக்கிறது. 2025 மே மாதத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை ஏற்க மறுத்த அமர்வு, உலகெங்குமிருந்து வருவோரைத் தங்கவைக்க இந்தியா ஒரு தர்மசாலை அன்று என்ற பொருள்படக் கருத்துரைத்தது. வெளியுலகில் காற்று சற்று வேறு திசையில் வீசியிருக்கிறது: இலங்கைத் தமிழர் பலரைக் காலவரையின்றி அடைத்துவைத்தது தன்னிச்சையான தடுப்பு என்று 2013 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு ஆஸ்திரேலியாவைக் கண்டித்தது. திருப்பி அனுப்ப வாய்ப்பே இல்லாதவரைக் காலவரையின்றி அடைக்க முடியாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. இவை இங்கே கட்டுப்படுத்தும் தீர்ப்புகள் ஆகா. எனினும் ஆட்கொணர்வு மனு எழுதும் வழக்கறிஞருக்கு, காவலின் நோக்கம் என்ன, அந்த நோக்கம் நிறைவேற வழி இருக்கிறதா என்ற கேள்வியை முன்வைக்கத் துணைநிற்கும்.

குற்ற வழக்கில் சிறையில் இருப்பவரானால் மாணவர் நாள்களை எண்ண வேண்டும். ஐந்தாண்டு வரை தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3) பிரிவின்படி ஜாமீன் உரிமை பிறக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் மனுவோடு, ஜாமீனுக்குப் பின் அவர் எந்த மறுவாழ்வு முகாமில் தங்குவார் என்பதற்கான குடும்பத்தாரின் உறுதிமொழியும் தயாராக இருந்தால், சிறப்பு முகாமுக்கு மாற்றும் ஆணையை எதிர்கொள்ள வழக்கறிஞருக்கு முன்கூட்டியே ஒரு பிடிமானம் கிடைக்கும்.

பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களுக்கு வடமாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்கள் அயல்நாட்டவர் அல்லர். வங்காளம் பேசும் தொழிலாளர் ஒருவர் வங்கதேசத்தவர் என்ற ஐயத்தில் பிடிக்கப்பட்டால், அவருடைய ஊர்ப் பஞ்சாயத்துச் சான்று, பழைய வாக்காளர் பட்டியலில் பெற்றோர் பெயர், நிலப் பதிவு ஆகியவற்றை உறவினர் மூலம் வரவழைக்கும் வேலையும் மேலே சொன்ன வேலையின் இன்னொரு கிளையே. இங்கு நேரம் இன்னும் குறைவு என்பதுதான் வேறுபாடு.

நான்காம் வாரம் முழுவதையும் ஒப்படைப்புக்கென ஒதுக்க வேண்டும். பயிற்சிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு மாணவர் ஊர் திரும்பியதும், சேகரித்தவை அவருடைய கைபேசியிலேயே தங்கிவிடுவது இத்தகைய பணிகளில் அடிக்கடி நேரும் இழப்பு. ஆண்டுவாரிக் குறிப்பு, ஒவ்வொரு வரிக்குமான சான்றின் நகல், பெயர் வேறுபாட்டுத் தாள், அனுப்பிய மனுக்களின் ஒப்புகைகள், இன்னும் கிடைக்காத ஆவணங்களும் அவை எந்த அலுவலகத்தில் நிற்கின்றன என்பதும் அடங்கிய கோப்பின் ஒரு படி வழக்கறிஞரிடமும், ஒரு படி அடைபட்டவர் பெயர் குறிப்பிடும் குடும்பத்தாரிடமும் சேர வேண்டும். இருவரிடமும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிய பின், மாணவர் தம் கைபேசியிலும் கணினியிலும் உள்ள படங்களை அழித்துவிட வேண்டும். அடுத்த விடுமுறையில் வரும் மாணவரின் பெயரும் எண்ணும் தெரிந்திருந்தால், அதைக் கோப்பின் மேலட்டையிலேயே எழுதிவைக்கலாம்.